டிரம்மில் பாடும் எஞ்சின்

எஞ்சினைப் பாக்க வந்தவரு எதுக்கு சார் படகோட அடியைப் பாக்கணும்ங்கிய? காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவன்கிட்ட, எங்க செருப்பைக் கழட்டிக் காட்டுன்னு டாக்டர் கேப்பாரா? கேக்க மாட்டாரு. சரி, நீங்க கம்பெனிக்காரரு, மதுரையிலேருந்து வண்டி புடிச்சு வந்திருக்கிய, ஏத்துங்கன்னா ஏத்திருவோம். ஆனா ஆளு சேரணும். இது ரெண்டு பேரு இழுத்துப் போடுற படகு இல்ல. ஏலக் கூடத்துல இன்னும் மீன் போயிக்கிட்டு இருக்கு, அது முடியட்டும். அதுவரைக்கும் இந்த நிழல்ல உக்காருங்க. ஏ சலேத்து, சாருக்கு ஒரு கலர் உடைச்சுக் குடு. என் வீட்டுக்காரிதான் சார். இந்தக் கடை அவ நடத்துறது. அவ சொல்லுறது எதையும் காதுல வாங்காதிய. எஞ்சின் விசயத்துல அவ எதிர்க்கட்சி.

என் பேரு பொனிப்பாஸ். கம்ப்ளெயிண்டு குடுத்தது நான்தான். எம்மவன் போன்ல அடிச்சான், நான் சொல்லச் சொல்ல. நான் சொன்னதுல பாதியை அவன் அடிக்கல. இதையெல்லாம் எழுதினா கம்பெனிக்காரன் வர மாட்டான்ப்பான்னுட்டான். அதனால நேர்ல சொல்லுதேன், கேளுங்க. நீங்க எஞ்சினைத் தொடுறதுக்கு முன்னால அதோட கதையைத் தெரிஞ்சுக்கிடணும்லா?

இந்த எஞ்சினுக்குக் கூடப்பொறந்த எஞ்சின் ஒண்ணு இருக்கு. அதோ, அந்தப் பச்சைப் படகு தெரியுதா? அதுல இருக்கு. அது கஸ்பாரோட படகு. கஸ்பாருன்னா என் தங்கச்சி அமலோற்பவத்தைக் கட்டினவன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே கடையில, ஒரே மாடல் எஞ்சின் வாங்கினோம். கடைக்காரன் ரெண்டு பெட்டியை முன்னால வச்சான். கஸ்பார் என்ன சொன்னான் தெரியுமா? நீ மூத்தவன், நீ முதல்ல எடுத்துக்கோன்னான். நானும் வெள்ளந்தியா இடது பக்கத்துப் பெட்டியை எடுத்தேன். அப்போ எனக்கு ஒண்ணும் தோணல. இப்போ யோசிச்சுப் பாத்தாத்தான் புரியுது. நல்லதையும் கெட்டதையும் முன்னால வச்சு, நீ எடுத்துக்கோன்னு ஒருத்தன் விட்டுக் குடுக்கான்னா என்ன அர்த்தம்? எது கெட்டதுன்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நான் எப்பவும் இடது பக்கத்துலதான் கை வைப்பேன்கிறதும் தெரிஞ்சிருக்கு. சின்ன வயசுலேருந்து கூடத் திரிஞ்சவன்லா.

சிரிக்காதிய சார். நீங்களும் எம்மவன் மாதிரியே சிரிக்கிய.

முதல்ல எஞ்சின் நல்லாத்தான் ஓடிச்சு. பொய் சொல்லக் கூடாது. கைப்பிடியைத் திருகினா படகு மூக்கைத் தூக்கிக்கிட்டு பறக்கும். தண்ணி ரெண்டு பக்கமும் சீலையைக் கிழிச்ச மாதிரி பிரியும். கஸ்பாருக்கு முன்னால நான் கரைக்கு வந்திருவேன். ஏலத்துல என் மீனுதான் முதல்ல விழும். அப்படி இருந்த காலம்.

அப்புறம் ஈஸ்டர் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை. அன்னைக்குத்தான் எங்க ஊர்ல கோயில் முன்னால சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. அக்டோபர்ல ஜெபமாலை மாதா திருவிழா வருதுலா, அப்போ மாதா சுரூபத்தைப் படகுல வச்சுக் கடல்ல சுத்தி வருவோம். எந்தப் படகுல மாதா ஏறணும்கிறதுக்கு சீட்டு. பங்குச் சாமியார் எடுத்தாரு. என் படகு விழுந்துச்சு. எங்கப்பா காலத்துலேருந்து எங்க வீட்டுக்கு விழாத சீட்டு சார். நான் அங்கனயே முட்டங்கால் போட்டு அழுதுட்டேன். இவளும் அழுதா. என்ன சலேத்து, அழுதியா இல்லியா? தலையை ஆட்டுறா பாருங்க. கஸ்பார்தான் முதல்ல ஓடி வந்து கட்டிப் பிடிச்சான். அதையும் சொல்லிருதேன்.

இங்கன ஒரு முறை இருக்கு. மாதா ஏறப்போற படகு சீட்டு விழுந்த நாள்லேருந்து திருவிழா முடியுற வரைக்கும் கரை மண்ணுல படக் கூடாது. தண்ணியிலதான் நிக்கணும். மத்த படகையெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் கரையில ஏத்திருவானுவ. ஞாயித்துக்கிழமை பூரா வெயில்ல சாய்ஞ்சு கெடக்கும். அடியைச் சுரண்டுவானுவ, கழுவுவானுவ, மறுநாள் இறக்குவானுவ. என் படகு மட்டும் ஓடைக்குள்ள நங்கூரம் போட்டு ராணி கணக்கா மிதந்துக்கிட்டு நிக்கும். கோயிலுக்குப் போற சனமெல்லாம் பாத்துக்கிட்டே போவும். எனக்கு அப்படி ஒரு பெருமை. பெருமை தப்புன்னு பிரசங்கத்துல சொல்லுவாங்க. இது மாதாவுக்கான பெருமை, அந்தக் கணக்குல வராது.

அடியைச் சுரண்டாம எப்படின்னா கேக்கிய? மத்த வருசத்துல சீட்டு விழுந்தவனுவ தண்ணிக்குள்ள முங்கிச் சுரண்டுவானுவ. அது அவனவன் பக்தி. மாதா உக்காரப் போற படகு அடியில இரும்பை வச்சுக் கரக் கரக்குன்னு தேய்க்க எனக்கு மனசு வரல. இதுல இன்னொரு விசயமும் இருக்கு. அதையும் மறைக்கல. ஜூன் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு வெளிய வாறோம். ஊரே நிக்கி. கஸ்பார் எல்லாரும் கேக்க சொல்லுதான், "மச்சான், உன் படகு அடியில ஒரு சந்தையே கூடியிருக்கும். இன்னைக்கு நான் முங்கிச் சுரண்டித் தாரேன்." எப்படி இருக்கும் சொல்லுங்க. ஒரு பொம்பளைகிட்ட, ஊர் கூடியிருக்க, உன் பிள்ளைக்கு நான் மூக்கைச் சிந்தி விடுதேன்னு சொன்னா அவளுக்கு எப்படி இருக்கும்? என் படகைச் சுத்தமா வச்சுக்க எனக்குத் தெரியாதா? நீ உன் சோலியைப் பாருடேன்னுட்டு வந்துட்டேன். அன்னைக்கு முடிவு பண்ணினேன், திருவிழா முடியுற வரைக்கும் ஒருத்தன் என் படகு அடியில கை வைக்கக் கூடாது.

இனிமேதான் எஞ்சின் கதை. கவனமா கேளுங்க, இதுதான் உங்க டிபார்ட்டுமெண்டு.

ஜூலையிலேருந்து எஞ்சின் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. கைப்பிடியை முழுசாத் திருகினாலும் படகு கிளம்பாது. மூக்கைத் தூக்கிட்டுப் போற படகு, குளத்துல இறங்கின எருமை மாதிரி கழுத்தளவு தண்ணியில உக்காந்துக்கிட்டு ஊருது. எஞ்சின் கத்துற கத்தல் அடுத்த ஊருக்குக் கேக்கும், படகு மட்டும் நகராது. பின்னால கருப்புப் புகை. தொட்டா கை சுடுது. எண்ணெயோ, கேக்காதிய. முன்னால ஒரு கேன்ல போயிட்டு வந்த தூரத்துக்கு ரெண்டு கேன் குடிக்கி. நான் கரைக்கு வந்து சேரையில ஏலம் முடிஞ்சு, ஐஸ்காரன் பெட்டியை மூடிக்கிட்டு இருப்பான். கஸ்பார் சாப்பிட்டுக் குளிச்சு வெள்ளை வேட்டி கட்டி நிப்பான். "என்ன மச்சான், இலங்கைக்குப் போயிட்டா வாறே?"ம்பான்.

மெக்கானிக் மைதீனைக் கூப்பிட்டேன். தங்கமான ஆளு. பிளக்கைக் கழட்டினான், கரியாக் கெடந்துச்சு, புதுசு போட்டான். கார்புரேட்டரைக் கழுவினான். அப்புறம் எஞ்சினைக் கழட்டிக் கரைக்குக் கொண்டாந்து, ஒரு டிரம்முல தண்ணி ரொப்பி, அதுல இறக்கி ஓட விட்டான். சார், அது பாட்டுப் பாடுது! கேக்கவே ஆசையா இருந்துச்சு. புகை இல்ல, சூடு இல்ல. சரியாப் போச்சுன்னு கொண்டு போயி படகுல மாட்டினோம். பழையபடி இருமல். திரும்பக் கழட்டி டிரம்முல வச்சா, பாட்டு. இப்படி நாலஞ்சு வாட்டி. இவ கடையிலேருந்து பாத்துக்கிட்டே இருந்துட்டு ஒரு வார்த்தை சொன்னா. "டிரம்முலதான் நல்லா ஓடுதுன்னா, பேசாம டிரம்முலயே மீன் பிடிங்க." இவகூடத்தான் சார் நான் இருபத்தஞ்சு வருசமா குடும்பம் நடத்துதேன்.

இதுல ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அப்படிக் கழட்டினப்போ, தண்ணிக்குள்ள சுத்துற எஞ்சின் விசிறியில வெள்ளை வெள்ளையா கொட்டலசு ஒட்டியிருந்துச்சு. நீங்க மதுரைக்காரரு, உங்களுக்குத் தெரியாது. கடல்ல சும்மா கெடக்குற எதுலயும் வந்து ஒட்டிக்கிடும். சின்னச் சின்னதா, சுண்ணாம்புல செஞ்ச கூம்பு மாதிரி, கையை வச்சா கிழிச்சிரும். எஞ்சினைத் தினமும் தண்ணிக்கு மேல தூக்கி நிறுத்தி வைக்கணும். நான் வைக்கிறதில்ல. இடுப்பு வலி. அதனால விசிறியில ஏறிக்கிடுச்சு. நானே உக்காந்து சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். அதுக்கப்புறம் கொஞ்ச நாள் எஞ்சின் பரவாயில்லாம ஓடிச்சு. இதுல ஒங்களுக்கு என்ன தெரியுது? எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. இந்த எஞ்சின் மனசு வச்சா ஓடும். மனசு வைக்க மாட்டேங்குது.

நீங்க எதுக்கு இப்போ என் படகையே பாக்கிய? கலரைக் குடிங்க. சூடாகிரும்.

கடைசியில மைதீன் ஒரு யோசனை சொன்னான். ரெண்டும் ஒரே எஞ்சின்தானே, கஸ்பார் எஞ்சினை உங்க படகுலயும் உங்க எஞ்சினை அவரு படகுலயும் மாட்டிப் பாப்போம், குறை எங்கன்னு தெரிஞ்சு போவும்னான். கஸ்பார் உடனே சரின்னுட்டான். அவன் உடனே சரின்னதுலயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். ஆகஸ்டு பாதி இருக்கும். ஊரு பூரா கரையில வந்து நிக்கி, பாக்க.

என் எஞ்சினைப் பச்சைப் படகுல மாட்டினானுவ. ஒரு இழுப்புதான். பறந்துச்சு சார். என்கிட்ட இத்தனை நாளா இருமிக்கிட்டுக் கெடந்த சனியன், அவன் படகுல ஏறினதும் முயல் மாதிரி ஓடுது. சரி, அவன் எஞ்சினை என் படகுல மாட்டினோம். கத்துது, புகையுது, நகர மாட்டேங்குது. அப்படியே என் எஞ்சின் மாதிரி.

சனமெல்லாம் என் மூஞ்சியைப் பாக்கு. மைதீன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். எனக்கு எல்லாம் விளங்கிப் போச்சு, ஒங்களுக்கு விளங்குதா? கஸ்பார் முந்தின நாளே அவன் எஞ்சின்ல எதையோ பண்ணி வச்சிருக்கான், என் படகுல மாட்டினா ஓடக் கூடாதுன்னு. என் எஞ்சின் அவன்கிட்ட ஓடினதுக்குக் காரணம் என்னன்னா, அது முதல்லேருந்தே அவனோட எஞ்சின். கடையிலேருந்து வண்டியில ஏத்தையில பெட்டியை மாத்திட்டான். என் நல்ல எஞ்சினை அவன் வச்சுக்கிட்டு...

இல்ல சார், இருங்க. நல்ல எஞ்சின் அவன்கிட்ட இருந்தா அது என் படகுல ஏன் ஓடலன்னு கேக்கிய. அதான் சொன்னேனே, எதையோ பண்ணி வச்சிருக்கான்னு. நீங்க குறுக்க கேள்வி கேட்டா எனக்குக் கோர்வை விட்டுப் போவுது.

கரையில நின்னு கேட்டுட்டேன். நீ பெட்டியை மாத்திட்டேடே, தங்கச்சியைக் கட்டினவன்னு நம்பினேன், என் தலையில ஓட்டை எஞ்சினைக் கட்டிட்டியேன்னு. வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவன் சத்தமே போடல. "மச்சான், ரெண்டு எஞ்சினும் ஒண்ணுதான். ஒரே ஒரு வாட்டி படகோட அடியைப் பாரு"ன்னான். திரும்ப அதே பேச்சு! ஊரு முன்னால திரும்ப அதே பேச்சு. இனிமே உன் வாசப்படியை மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னையிலேருந்து பேச்சு இல்ல.

அவன்கூடப் பேசாதது எனக்கு ஒண்ணும் இல்ல. என் தங்கச்சி வர்றதை நிறுத்திட்டா சார். தினம் சாயங்காலம் இந்தக் கடையிலதான் வந்து உக்காருவா. இவகூட உக்காந்து என்னைக் கேலி பேசிட்டுப் போவா. இப்போ அந்தப் பக்கமா சுத்திப் போறா. இதுல அவ மவ ஜெனோவாவுக்கு வர்ற புதன்கிழமை கல்யாணம். எங்க பக்கத்துல பொண்ணை, சிலுவை நிக்கிற குருசடியிலேருந்து கோயில் வாசல் வரைக்கும் தாய்மாமன்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். அவளுக்கு நான் ஒரே மாமன். நான் வர மாட்டேன்னு சொல்லியனுப்பிட்டேன்.

நேத்து அவளே வந்தா. கல்யாணப் பொண்ணு இந்த நேரத்துல வெளிய வரக் கூடாதும்பாங்க, அதெல்லாம் அவ பாக்கல. நீங்க உக்காந்திருக்குற அதே இடத்துலதான் உக்காந்தா. "மாமா, நீங்க வரலன்னா நான் தனியா நடந்து போவேன். வேற யாரு கையையும் பிடிக்க மாட்டேன்"னா. அழக்கூட இல்ல. சொல்லிட்டுப் போயிட்டா. எனக்குச் சோறு இறங்கல. தூக்கி வளத்த பிள்ளை சார் அது.

அதனாலதான் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். திருவிழா முடிஞ்சு படகைக் கரையேத்தியிருக்கலாம். ஏத்தல. நங்கூரத்தைக்கூட மாத்திப் போடல. கொலை நடந்த வீட்டுல போலீஸ் வர்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாதும்பாங்கல்லா, அந்த மாதிரி. நீங்க இந்தக் கரையில நின்னு, குறை எஞ்சின்லதான்னு சத்தமா ஒரு வார்த்தை சொல்லணும். அவன் காதுல விழணும். அப்போ அவன் ஒத்துக்கிட்டுத்தானே ஆகணும்? ஒத்துக்கிட்டா நான் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருவேன். புதன்கிழமை பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருவேன். அவ்வளவுதான் என் ஆசை. புது எஞ்சின்கூட வேண்டாம்.

திருவிழா என்னாச்சா? அதைக் கேளுங்க, அதுல ஒரு புதுமையே, அற்புதம்னு சொல்லுவாங்கல்லா அது, நடந்துச்சு.

மாதாவை ஏத்தியாச்சு. பூ அலங்காரம், வெள்ளைப் பந்தல், சாமியார், பாடல் குழு, எல்லாம் என் படகுல. பின்னால ஊர்ப் படகு பூரா. ரெண்டாவதா பேண்டு செட்டுப் படகு. மாதாவை எந்தப் படகும் முந்தக் கூடாது, அது முறை. நான் போற வேகத்துலதான் எல்லாரும் வரணும். என் எஞ்சின்தான் தெரியுமே. ஊர்ந்தோம். பின்னால அத்தனை எஞ்சினும் முனகுது, மெதுவா ஓட்டி ஓட்டி அவனுவ எஞ்சினும் அணைஞ்சு அணைஞ்சு போவுது. பேண்டு செட்டுக்காரன் தெரிஞ்ச பாட்டையெல்லாம் வாசிச்சு முடிச்சு, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சான். சாமியார் ஜெபமாலையை மூணு வாட்டி சொல்லிட்டாரு, வாந்தியும் எடுத்துட்டாரு. சனம் என்ன சொல்லுச்சு தெரியுமா? இத்தனை வருசத்துல இப்படிப் பக்தியா ஒரு பவனி நடந்ததே இல்ல, மாதா ஒவ்வொரு வீட்டையும் நின்னு நிதானமா பாத்துக்கிட்டுப் போனான்னு கெழவிகள்லாம் கும்பிட்டுச்சு.

திரும்பி வரையில, கரைக்குப் பாதி தூரம் இருக்கு, எஞ்சின் கொதிச்சு நின்னு போச்சு. சுத்தமா நின்னுட்டு. மாதா நடுக்கடல்ல. மூடியைக் கழட்டிட்டுக் குனிஞ்சு கயித்தை இழுக்கேன், இழுக்கேன், ஒண்ணும் இல்ல. ஒரே புகை, கண்ணு தெரியல. மாதாவே, என் மானத்தைக் காப்பாத்துன்னு வாய்விட்டுக் கேட்டேன். கேட்ட மாத்திரத்துல சார், படகு நகருது! எஞ்சின் இல்லாம நகருது! நான் கும்பிட்டுக்கிட்டே குனிஞ்சு கெடக்கேன். படகு பாட்டுக்குப் போவுது, நேரா கரைக்கு. அதுவும் முன்னைவிட வேகமா.

அந்தப் புதுமை நேரத்துலயும் கஸ்பார் புத்தி போவல பாத்துக்கிடுங்க. அவன் படகு மூக்கைக் கொண்டாந்து என் படகோட பின் ஓரத்துல இடிக்கான். ஒரு வாட்டி இல்ல, வழி பூரா இடிச்சுக்கிட்டே வாரான். முந்தக் கூடாதுன்னா இடிக்கலாமா? விலகிப் போடேன்னு கத்துதேன். இடிச்சு இடிச்சே கரை வரைக்கும் வந்தான். மரியாதை தெரியாத ஜென்மம். அப்புறம் ஊர்ல எல்லார்கிட்டயும் நான் புதுமையைச் சொன்னேன். சாமியார்கூட பூசையில ரெண்டு வார்த்தை சொன்னாரு. கஸ்பாரும் கோயில்லதான் இருந்தான். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.

என்ன கேக்கிய? காத்தா? காத்து அன்னைக்கு எதுத்தாப்புல அடிச்சுது. பந்தல் துணியெல்லாம் என் மூஞ்சியில வந்து விழுந்துச்சு. நீரோட்டமா? அது... அதுவும் வெளிய பாத்துத்தான் இழுத்துச்சு. அதனாலதானே சார் புதுமைங்கோம்.

எதை யோசிக்கச் சொல்லுதிய? இடிச்சதையா?

சலேத்து, நீ எதுக்கு முந்தானையால வாயைப் பொத்துற? சாருக்குச் சிரிப்பு வருது, அவரு வெளியூரு. உனக்கு என்ன? உனக்குத் தெரியுமா? எது தெரியும்? ஊருக்கே தெரியுமா?

இருங்க சார். இருங்க. ஏலம் முடிஞ்சிட்டு போல. கரையில ஆளு சேந்துட்டானுவ. "கை குடுங்கடே"ன்னு எம்மவன் சத்தம் குடுக்கான், கேக்குதா? அந்தச் சத்தம் கேட்டா இங்கன யாரும் சும்மா நிக்க மாட்டான். பகையாளியா இருந்தாலும் வந்து தோள் குடுக்கணும். அதான் பாருங்க, அந்த ஆளும் வாரான். கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தவன், கையில சுண்ணாம்போட வாரான். பின் ஓரத்துலயே போயி நிக்கான். வாங்க, நாமளும் போவோம். நீங்க சட்டை அழுக்காகாம அந்தப் பக்கமா நில்லுங்க.

என்னடே இது? எம்மாங் கனமா இருக்கு? முன்னால பத்துப் பேரு சேந்தா வழுக்கிட்டு வரும். இன்னைக்கு ஊரே பிடிச்சும் மண்ணைவிட்டு எழும்ப மாட்டேங்குது. எலேய், உள்ள எதையும் வச்சிருக்கியளா? தண்ணியை இறைச்சாச்சாடே? ம்... தள்ளுங்க, ம்... இன்னும் ஒரு கை... ஏறிட்டு. சாய்ங்கடே, மெதுவா. எஞ்சின் மண்ணுல இடிச்சிராம.

சார்.

சார், இது என் படகா?

மாதாவே. அடியே தெரியலியே. பாறையை வெட்டிக் கொண்டாந்து ஒட்டின மாதிரில்லா இருக்கு. என் முழங்கை கனத்துக்குக் கொட்டலசு. சிப்பி ஒரு பக்கம், பாசி ஒரு பக்கம், அதுக்குள்ள நண்டு குட்டி போட்டு ஓடுது. இது என்னது, தாடி மாதிரி தொங்குது? இதை இழுத்துக்கிட்டா அந்த எஞ்சின் ஓடிச்சு? ஆறு மாசமா? அது கத்தினதுல என்ன தப்பு சார், நானா இருந்தாலும் கத்தியிருப்பேன்.

சிரிக்கானுவ. கரையே சிரிக்கி. சிரிங்கடே. மைதீனு, நீயும் சிரி, நீ எத்தனை வாட்டி வாயைத் திறந்தே, நான் உன்னைப் பேச விட்டேனா? இவளைப் பாருங்க, மண்ணுலயே உக்காந்துட்டா. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். குறை எங்கன்னு சத்தமா சொல்லுங்கன்னு கேட்டேன்லா, வேண்டாம். அதுவே எல்லாருக்கும் தெரியுற மாதிரி மல்லாந்து கெடக்கு.

அவன் மட்டும் சிரிக்கல, கவனிச்சியளா? கையைத் துடைச்சிட்டுப் போறான். நான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? ஊரு முன்னால என்னை எப்படியெல்லாம் திருப்பிக் கேட்டிருக்கலாம். அன்னைக்குக் கடல்ல முட்டுக் குடுத்துத் தள்ளிக்கிட்டே வந்துட்டு, நான் விலகிப் போடேன்னு ஏசினதையும் கேட்டுக்கிட்டு, கோயில்ல நான் புதுமை சொன்னப்போ எனக்குப் பின்னாலதான் சார் உக்காந்திருந்தான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தான். நான் அவன் பொறாமையில குனிஞ்சிருக்கான்னு நெனச்சேன்.

போறான் பாருங்க. இன்னும் கொஞ்சம் விட்டா அந்தத் தெருவுல திரும்பிருவான். நீங்க கூப்பிடுதியளா? இல்ல, வேண்டாம். நானே கூப்பிடுதேன்.

மச்சான்! ஏ மச்சான்! கஸ்பாரு! நில்லு.

நின்னுட்டான்.

புதன்கிழமை... புதன்கிழமை குருசடிக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?

கேட்டியளா சார், என்ன சொல்லுதான்னு? "உன் வேகத்துக்குச் செவ்வாக்கிழமையே கெளம்பிரு மச்சான்"ங்கான்.

சிரிக்கான் சார். என் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கான்.